பிழை பெயரில் இல்லை



பிள்ளைகளின் கல்வி உதவித்தொகைக்காகவோ, தேர்வுக் கட்டணத்திற்காகவோ, பயணப் பதிவிற்காகவோ நீங்களும் கணினித் திரையின் முன் அமர்ந்து விண்ணப்பம் நிரப்பியிருப்பீர்கள். எல்லாக் கட்டங்களையும் பொறுமையாக நிரப்பிப் பொத்தானை அழுத்தியதும் சிவப்பு எழுத்தில் ஒரு வரி வந்து நிற்கும்: “பெயரில் செல்லாத எழுத்து உள்ளது.” பிள்ளை பிறந்தபோது வீடே கூடி வைத்த பெயர் அது. பள்ளிச் சான்றிதழிலும் குடும்ப அட்டையிலும் அச்சேறிய பெயர் அது. அதில் செல்லாத எழுத்து எங்கிருந்து வந்து நுழைந்தது?

அந்த வரியைச் சொல்வது மனிதர் எவரும் அல்லர். வலைத்தளத்தின் உள்ளே எழுதப்பட்டிருக்கும் ஒற்றை வரி விதி ஒன்றே அதைச் சொல்கிறது. கணினித் துறையினர் அதனை ‘ரெகுலர் எக்ஸ்பிரஷன்’ என்பர். நாம் இங்கே ‘வடிவ விதி’ என்று வைத்துக்கொள்வோம். இத்தகைய விதிகள் பழுதுபடும்போது அவற்றைச் செப்பனிட்டுக் கொடுப்பது என் பிழைப்பின் ஒரு பகுதி. அண்மையில் அப்படிச் செப்பனிட்ட ஒரு விதியைப் பற்றியே உங்களிடம் கூற விழைகிறேன். கணினி அறியாதவருக்கும் இது விளங்கும். ஏனெனில் இதில் பேசப்படுவது நம் பெயர்களும் நம் எழுத்துகளுமே.

முதலில் சிறிது வரலாறு. ஸ்டீவன் கிளீனி என்ற அமெரிக்கக் கணிதப் பேரறிஞர் 1951-இல் நரம்பு வலைகளைப் பற்றிய ஆய்வுரை ஒன்றை எழுதினார். அதில் பிறந்ததே இந்தக் குறியீட்டு முறை. 1968-இல் கென் தாம்சன் அதனைக் கணினியில் சொல் தேடும் கருவியாக்கினார். 1987-இல் லாரி வால் உருவாக்கிய பெர்ல் மொழி அதனைப் பெரிதும் வளர்த்தது. 1997-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபிலிப் ஹேசல், பெர்ல் மொழியின் வழியிலேயே இயங்கும் விதிப்பொறி ஒன்றை எவரும் எடுத்தாளும்படி எழுதி வெளியிட்டார். ராஸ்மஸ் லெர்டார்ஃப் 1995-இல் வெளியிட்ட பி.எச்.பி. என்னும் வலைத்தள மொழி, ஹேசலின் அந்தப் பொறியைத்தான் தன்னுள் வைத்துக்கொண்டிருக்கிறது. நம்மவர் நடத்தும் சிறு தளங்களில் மிகப் பல இந்தப் பி.எச்.பி.யிலேயே எழுதப்பட்டவை. நரம்பு வலை ஆராய்ச்சி எங்கே, நம் வீட்டுப் பெண்ணின் பெயர் செல்லுமா செல்லாதா என்ற தீர்ப்பு எங்கே! எண்ணிப் பார்த்தால் வியப்பாகத்தான் இருக்கிறது.

வடிவ விதியை ஒரு சல்லடையாக எண்ணிக்கொள்ளுங்கள். இடியாப்ப மாவு சலிக்கும்போது கண்ணின் அளவுக்கு ஏற்றது கீழே இறங்கும். மற்றது மேலே தங்கும். விதியில் சதுர அடைப்புக்குள் எந்த எழுத்துகளை எழுதுகிறோமோ அவை மட்டும் இறங்கும். இரண்டு எழுத்துகளுக்கு நடுவே சிறுகோடு இட்டால் ‘இது முதல் அதுவரை’ என்று பொருள். எனவே [அ-ஹ] என்று எழுதினால் ‘அ முதல் ஹ வரை எந்த எழுத்தும் ஆகலாம்’ என்று விதி எழுதியவர் கருதுகிறார். அவர் கருதியதும் பொறி புரிந்துகொண்டதும் ஒன்றுதானா என்பதே கேள்வி!

எல்லாரையும் தள்ளிய சிறுகோடு

எல்லாச் சமூகத்து ஏழை மாணவர்க்கும் உதவும் அறக்கட்டளை ஒன்று. பெயர் வேண்டாம். அதன் விண்ணப்பத் தளம் பல ஆண்டுகளுக்கு முன்னர் யாரோ எழுதிக் கொடுத்தது. ஒருநாள் அதனைப் புதிய சர்வருக்கு மாற்றினார்கள். மறுநாள் காலை முதல் ஒருவர் கூட விண்ணப்பிக்க இயலவில்லை. எவர் எந்த மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்தாலும் “முகவரி தவறு” என்றே தளம் கூறிற்று. என்னை அழைத்தார்கள்.

இத்தகைய பழுது எளிது. சர்வரின் பிழைக் குறிப்பேட்டைத் திறந்தால் அங்கே வெளிப்படையாகவே எழுதியிருந்தது: எழுத்துத் தொகுதியில் செல்லாத வரம்பு, இன்ன இடத்தில் என்று. அந்த இடத்தைக் குறிக்கும் எண் சுழியத்திலிருந்து தொடங்கும் என்பதை மட்டும் நினைவிற்கொண்டு எண்ணிப் போனால் பழுதின் மேலேயே விரலை வைத்துவிடலாம். அங்கே ‘சொல்லெழுத்து எதுவாயினும்’ என்பதற்கான சுருக்கக் குறி, அடுத்து ஒரு சிறுகோடு, அடுத்து ஒரு புள்ளி என்று வரிசையாக நின்றன. எழுதியவர் சிறுகோட்டை வெறும் சிறுகோடாகவே கருதி எழுதியிருக்கிறார். ஆனால் நடுவில் நிற்கும் சிறுகோட்டிற்கு ‘முதல்-வரை’ என்ற பொருள் உண்டல்லவா? சுருக்கக் குறியிலிருந்து புள்ளி வரை என்றால் பொருளே இல்லை. பழைய பொறி இதனைப் பெருந்தன்மையுடன் பொறுத்துக்கொண்டது. 2018 டிசம்பரில் வெளிவந்த பி.எச்.பி. 7.3 பதிப்பில் பொறியின் புதிய தலைமுறை புகுந்தது. அது பொறுக்க மறுத்தது. சிறுகோட்டை அடைப்பின் கடைசிக்கு நகர்த்தினேன். கடைசியில் நிற்கும் சிறுகோட்டிற்கு வேறு பொருள் கிடையாது. வேலை அவ்வளவே. உலகெங்கும் எத்தனையோ தளங்கள் அந்தப் பதிப்பு மாற்றத்தில் இதே சிறுகோட்டில் இடறி விழுந்தன.

இதன் உடன்பிறப்பு ஒன்றும் உண்டு. விதியின் தொடக்கத்தையும் முடிவையும் காட்ட இரு புறமும் ஒரு சாய்கோடு இடுவது வழக்கம். ‘12/4’ போன்ற கதவிலக்கத்தைச் சரிபார்க்க எண்ணி, விதியின் உள்ளேயும் ஒரு சாய்கோட்டை எழுதிவிட்டால் பொறி அங்கேயே விதி முடிந்தது என்று கருதி, மீதியை ‘அறியாத கட்டளை’ என்று கூறி நின்றுவிடும். வெளி அடைப்புக்குச் சாய்கோட்டை விடுத்து வேறு குறியை எடுத்துக்கொண்டால் தீர்ந்தது.

ஆனால் வாசகர்களே, அன்று என் மனத்தை உறுத்தியது சிறுகோடு அன்று. பி.எச்.பி.யில் விதியைச் சரிபார்க்கச் சொன்னால் மூன்று விடைகளில் ஒன்று கிடைக்கும். பொருந்தினால் 1. பொருந்தாவிட்டால் 0. விதியே பழுதானாலோ, சரிபார்க்க இயலாமற் போனாலோ மூன்றாவதாக ஒரு விடை. ‘பொய்’ என்று அதற்குப் பெயர். அதாவது ‘ஆம்’, ‘இல்லை’, ‘என்னால் பார்க்க முடியவில்லை’ என மூன்று. தளத்தை எழுதியவரோ ‘ஆம் என்று வராவிட்டால் முகவரி தவறு’ என்று இரண்டே வழி வைத்திருந்தார். கண்ணாடியை மறந்துவிட்டு வந்த எழுத்தர் விண்ணப்பத்தைப் படிக்க இயலாமல், ‘உன் எழுத்து தவறு’ என்று திருப்பி அனுப்பினால் எப்படியிருக்கும்? அதுதான் அங்கே நடந்தது. மூன்றாம் விடை வந்தால் “எங்கள் பக்கத்தில் கோளாறு, பின்னர் முயலுங்கள்” என்று கூறும்படி மாற்றி எழுதினேன். சிறுகோட்டை நகர்த்தியதைவிட இதுவே அன்றைய நல்ல வேலை என்பது என் கருத்து.

சிலரை மட்டும் தள்ளிய விதி

எல்லாரையும் தள்ளும் பிழை ஒரே நாளில் அகப்பட்டுவிடும். சிலரை மட்டும் தள்ளும் பிழை ஆண்டுக்கணக்கில் ஒளிந்திருக்கும். தள்ளப்பட்டவர் தம்மையே நொந்துகொண்டு போய்விடுவார். அல்லது பிறர்மீது ஐயம் கொள்வார்.

மின்னஞ்சல் சீரான சில நாட்களில், தென்கடற்கரை ஊர் ஒன்றின் மஹல்லாச் செயலாளர் என்னைத் தேடி வந்தார். கையில் பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம் ஒன்று. அந்த அறக்கட்டளையின் தளம் ஏற்க மறுத்த 40-க்கும் மேற்பட்ட பெயர்களை அதில் அழகாக எழுதி வைத்திருந்தார்.

“தம்பி, நம்ம பேருங்கிறதாலேதான் தள்ளுறாங்கன்னு ஊருல பேசிக்கிறாங்க. எனக்கு அப்படித் தோணலை. ஆனா புள்ளைங்க பேரு போகலையே! நீங்க பார்த்துச் சொல்லுங்க” என்றார்.

“காக்கா, போன பேருங்களையும் எழுதித் தந்தால்தான் சொல்ல முடியும்” என்றேன். தள்ளப்பட்டவற்றை மட்டும் வைத்து ஒரு விதியின் குணத்தை அறிய இயலாது. இறங்கிய மாவையும் தங்கிய குருணையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் சல்லடையின் கண் எத்தகையது என்று தெரியும். இரண்டு நாளில் மனிதர் அந்தப் பட்டியலையும் கொண்டுவந்துவிட்டார்.

இரண்டையும் அருகருகே வைத்தபோது வியப்புத்தான். இரட்டைப் பிள்ளைகளில் ஹஸன் உள்ளே போயிருக்கிறான். ஹுசைன் வெளியே நிற்கிறான். பாத்திமா போயிருக்கிறாள், ஃபாத்திமா போகவில்லை. இப்ராஹிம் செல்லும்; இப்ராஹீம் செல்லாது. ஆயிஷா, ஜமால், உஸ்மான் ஆகியோருக்குத் தடை இல்லை. கதீஜா, நஸீர், யூசுஃப் ஆகியோருக்குத் தடை. முஹம்மது என்று தொடங்கும் பெயர் ஒன்று கூடப் போகவில்லை. நம் வீடுகளில் ஆண்பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அந்தப் பெயர் முன்னொட்டாக உண்டு என்பதை நான் சொல்ல வேண்டுவதில்லை. ஊரார் ஐயம் கொண்டதில் குற்றம் காண்பதற்கில்லை.

நான் வேறு சில பெயர்களையும் தளத்தில் இட்டுப் பார்த்தேன். கண்ணன் போயிற்று, முருகன் போகவில்லை. ஜான் போயிற்று, சூசை போகவில்லை. லட்சுமியும் வெளியே நின்றாள்! செயலாளரை உடனே தொலைபேசியில் அழைத்து இதைச் சொன்னபோது, அவர் பெருமூச்சு விட்டது இங்கே கேட்டது.

தள்ளப்பட்ட பெயர் ஒவ்வொன்றிலும் நான்கில் ஒன்று இருந்தது: ஈகாரக் குறி, உகரக் குறி, ஊகாரக் குறி, ஆய்தம். ஏற்கப்பட்ட எந்தப் பெயரிலும் இந்நான்கில் ஒன்றும் இல்லை. காரணம் விதியிலேயே இருந்தது. பெயருக்கான விதி, நான் முன்னே காட்டிய [அ-ஹ] என்பதுதான். கூடவே இடைவெளியும் புள்ளியும்.

கணினியில் எழுத்துகள் எண்களாகவே தங்குகின்றன. இன்று வழங்கும் யு.டி.எஃப்-8 முறையில் தமிழ் எழுத்து அல்லது குறி ஒவ்வொன்றும் மூன்று எண்களாகச் சேமிக்கப்படுகிறது. அந்த எண்களைப் பைட் என்பர். ‘அ’ என்பது 224, 174, 133. ‘ஹ’ என்பது 224, 174, 185. விதியின் முடிவில் ‘இதனை யூனிகோட் எழுத்துகளாகப் படி’ என்று ஒரு கட்டளை இட வேண்டும். ஆங்கிலத்தின் ‘யு’ எழுத்துத்தான் அந்தக் கட்டளை. அது இல்லையேல் பொறிக்கு எழுத்தே தெரியாது, பைட் மட்டுமே தெரியும். அப்போது [அ-ஹ] என்பதை அது எப்படிப் படிக்கும்? 224, அடுத்து 174, அடுத்து ‘133 முதல் 224 வரை’, அடுத்து 174, அடுத்து 185 என்று படிக்கும். சிறுகோட்டிற்கு இருபுறமும் நிற்பவை ‘அ’வின் கடைசி எண்ணும் ‘ஹ’வின் முதல் எண்ணும் என்பதைக் கவனியுங்கள். ஆகவே வாசல் 133-இல் தொடங்கி 224-இல் முடிகிறது.

இப்போது நம் எழுத்துகளின் மூன்றாம் எண்ணைப் பாருங்கள். ஈகாரக் குறி 128. உகரக் குறி 129. ஊகாரக் குறி 130. ஆய்தம் 131. மற்றத் தமிழ் எழுத்துகளும் குறிகளும் எல்லாம் 133-க்கு உள்ளே அடங்கிவிட, இந்த நான்கும் மட்டும் வாசற்படிக்கு வெளியே மயிரிழையில் நின்றுவிட்டன! ஹுசைன் வெளியே நின்றது ஓர் உகரத்தால். முருகன் வெளியே நின்றதும் உகரத்தால். வேடிக்கை என்னவென்றால், இதே வாசல் வழியே இந்தி எழுத்துகளோ மலையாள எழுத்துகளோ வந்தால் பெரும்பாலும் தாராளமாக உள்ளே விட்டுவிடும்.

எனக்கு முன்பே அந்த அலுவலகத்து இளைஞர் ஒருவர் இதனைச் செப்பனிட முயன்றிருந்தார். நல்ல உழைப்பாளி. ‘யு’ கட்டளையை விதியின் முடிவில் சேர்த்தார். சேர்த்ததும், அதுவரை போய்க்கொண்டிருந்த ஹஸனும் பாத்திமாவும் கூட நின்றுவிட்டார்கள். பயந்துபோய் எடுத்துவிட்டாராம். உண்மையில் அவர் செய்தது சரியான முதற்படி. இரண்டாம் படி தெரியாததால் பின்வாங்கினார். யூனிகோட் அட்டவணையில் ‘அ’ முதல் ‘ஹ’ வரை உயிரெழுத்துகளும் அகரமேறிய மெய்களும் மட்டுமே உள்ளன. கால், கொம்பு, கொக்கி, புள்ளி ஆகியவை ‘ஹ’வுக்குப் பின்னே தனி இடங்களில் உள்ளன. ஆய்தமோ ‘அ’வுக்கும் முன்னே இருக்கிறது. எனவே பொறி எழுத்தை எழுத்தாகப் படிக்கத் தொடங்கியதும், ‘ஹஸன்’ என்பதன் கடைசிப் புள்ளி கூடச் செல்லாததாகிவிட்டது. நான்கு குறிகளுக்கு இருந்த தடை எல்லாக் குறிகளுக்கும் பரவிச் சமநீதி நிலைநாட்டப்பட்டது!

அடுத்து அவர் ‘எந்த மொழியின் எழுத்தாயினும்’ என்ற பொதுக் குறியை இட்டுப் பார்த்திருக்கிறார். அதிலும் ஏமாற்றமே. நம் இலக்கணத்தில் ‘கி’ என்பது ஓர் எழுத்து. உயிர்மெய் 216-இல் ஒன்று. யூனிகோடில் அது இரண்டு: ‘க’ என்னும் எழுத்து, இகரக் கொக்கி என்னும் குறி. ‘எழுத்து’ என்று மட்டும் கேட்டால் குறிகள் வாரா. ஆனால் தொல்காப்பியர் சார்பெழுத்தாக வைத்த ஆய்தத்தை யூனிகோட் முழு எழுத்தாகவே பட்டியலிட்டிருக்கிறது. தமிழாசிரியர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது நெடுநேரம் சிரித்தார்.

ஆகவே விதியை இவ்வாறு திருத்தினேன். முதலில் ஓர் எழுத்து வர வேண்டும். அதன் பின்னர் எழுத்து, எழுத்தோடு சேரும் குறி, இடைவெளி, முதலெழுத்துகளுக்கான புள்ளி, மேற்கோள் குறி, இறுதியாகச் சிறுகோடு ஆகியவை எத்தனையும் வரலாம். இவற்றோடு கண்ணுக்குத் தெரியாத ஒன்றையும் சேர்த்தேன். ‘இலாஹி பக்‌ஷ்’ போன்ற பெயரில் ககர மெய்யும் ஷகரமும் ‘க்ஷ’ என்று ஒட்டிக்கொள்ளாமல் பிரிந்து நிற்பதற்காகச் சில விசைப்பலகைகள் நடுவே ஓர் இணைப்புத் தடைக் குறியை இடுகின்றன. திரையில் அதற்கு உருவம் இல்லை. விதியோ அதையும் பார்க்கும். பார்த்துத் தள்ளவும் செய்யும்.

ஒரே ஒரு பெயர்

நோட்டுப் புத்தகத்திலிருந்த பெயர்கள் யாவும் இப்போது இறங்கின, ஒன்றைத் தவிர. ‘முஹம்மது அப்துல் காதிர்’ என்ற பெயர். எழுத்திலும் குறியிலும் ஒரு குறையும் இல்லை. ‘முஹம்மது அப்துல் காதர்’ என்று இட்டால் போகிறது. ‘காதிர்’ என்றால் போகவில்லை. எழுத்துகளை விரல்விட்டு எண்ணிப் பாருங்கள். ‘முஹம்மது’ என்பதில் எழுத்தும் குறியுமாக 8. ‘அப்துல்’ என்பதில் 7. ‘காதிர்’ என்பதில் 6. ஆக 21. ஒன்றுக்கு மூன்று வீதம் 63 பைட். இடைவெளிகள் இரண்டையும் சேர்த்தால் 65. தளத்தை எழுதியவர், பெயர் 64 பைட்டுக்கு மேல் போனால் மீதியை வெட்டிவிடும்படி எழுதியிருந்தார். அதுவும் விதி சரிபார்ப்பதற்கு முன்னரே! கடைசிப் புள்ளியின் மூன்று பைட்டில் ஒன்று வெட்டுண்டு போயிற்று. குறைபட்ட எழுத்தைக் கண்டால் பொறி விதியைப் பார்ப்பதே இல்லை. மூன்றாவது விடையை, ‘என்னால் பார்க்க முடியவில்லை’ என்பதை, அமைதியாகக் கொடுத்துவிடும். பிழைக் குறிப்பேட்டில் கூட எழுதாது. கடைசிப் பிழை என்ன என்று நாமே கேட்டால்தான் சொல்லும். 2020-இல் வந்த பி.எச்.பி. 8 முதல் அதனை வாசகமாகவே கேட்டுப் பெறலாம். அதற்கு முன் வெறும் எண்தான். ‘காதர்’ என்றால் ஒரு குறி குறைந்து 62 பைட், அதனால்தான் தப்பிற்று. பைட்டை எண்ணாமல் எழுத்தை எண்ணி வெட்டும்படி மாற்றியதும், பெயர் முழுதாக நுழைந்தது.

இவ்வளவும் ஆன பின், அந்த இளைஞர் ஒரு யோசனை சொன்னார். பெயரைச் சொல் சொல்லாகப் பிரித்து, ‘எழுத்துகள் பல, பின் இடைவெளி இருக்கலாம், இது பலமுறை’ என்று விதியை அழகாக எழுதலாமே என்றார். அழகுதான். ஆனால் ‘பல’ என்பதற்குள் ‘பல’ வைப்பது ஆபத்து. 30 எழுத்துள்ள ஒரு தொடரின் முடிவில் தவறி ஓர் இலக்கம் விழுந்துவிட்டால், பொறி அந்த 30 எழுத்தையும் எப்படியெல்லாம் கூறுபோடலாம் என்று ஒவ்வொரு வழியாக முயலும். வழிகள் 53 கோடிக்கும் மேல்! பி.எச்.பி. இயல்பாக 10 லட்சம் பின்னடிகளுக்கு மேல் பொறுக்காமல் நிறுத்திக்கொள்ளும். அப்போதும் மூன்றாம் விடைதான் வரும். 2016 ஜூலை 20 அன்று, உலகெங்குமுள்ள கணினியாளர் நாடும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ என்ற தளமே 34 நிமிடம் முடங்கிக் கிடந்தது. வரியின் ஓரத்து இடைவெளிகளை நீக்கும் ஒரு சிறு விதியும், எவரோ எழுதியதில் தொடர்ச்சியாக விழுந்த ஏறத்தாழ 20,000 இடைவெளிகளுமே காரணம். இதைச் சொன்னதும் இளைஞர் தம் யோசனையைத் தாமே கைவிட்டார்.

இனி, உங்களில் தாய்மார்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நோட்டுப் புத்தகத்தில் உள்ளவர்கள் புகார் கூறியவர்கள். புகார் கூறாமல் வழி கண்டுபிடித்தவர்களும் இருந்தார்கள். அவர்களுள் ஒரு சகோதரி மஹல்லா அலுவலகத்தில் என்னிடம் பேசினார். கணவரை இழந்தவர். மகள் பெயர் நஸீமா. தளம் ஏற்காததால், தெரிந்த பையன் ஒருவனின் யோசனைப்படி ‘நஸிமா’ என்று மாற்றி இட்டுவிட்டார். விண்ணப்பம் போயிற்று. மூன்று மாதம் கழித்துச் சான்றிதழ்களை ஒப்பிட்டபோது ‘பெயர் ஒத்துவரவில்லை’ என்று நிறுத்தி வைத்துவிட்டார்கள்.

“ஒரு சுழிதானே தம்பி, அதுக்கா இவ்வளவு?” என்றார்.

“ராத்தா, நீங்க மாத்தியிருக்க வேண்டியதே இல்லை. மாத்த வேண்டியது அங்கே இருந்துச்சு” என்றேன். அறக்கட்டளைக்கு விளக்கக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். விதி எப்படித் தவறியது என்பதை எண்களோடு காட்டியிருந்ததால் அவர்களும் மறுக்கவில்லை. நஸீமாவின் தொகை தாமதமாகவேனும் வந்து சேர்ந்தது.

ஆனால் முயன்று பார்த்துவிட்டுப் பேசாமல் விலகிப் போனவர் எத்தனை பேர்? அதற்குக் கணக்கே இல்லை. விதி தள்ளிய பெயரைத் தளம் எங்கும் எழுதி வைக்கவில்லை. ஏற்றுக்கொண்டதை மட்டுமே எழுதி வைத்தது. இதனைச் சுட்டிக்காட்டிய பின் அறக்கட்டளையார் கடைசித் தேதியை இரண்டு வாரம் நீட்டினார்கள். பள்ளிவாசல்களிலும் கோயில்களிலும் தேவாலயங்களிலும் அறிவிப்பு ஒட்டினார்கள். இப்போது தள்ளப்படும் ஒவ்வொன்றும் நாளோடும் நேரத்தோடும் ஒரு குறிப்பேட்டில் பதிகிறது. வாரம் ஒருமுறை அந்த இளைஞர் அதனைப் படித்துப் பார்க்கிறார். செயலாளரின் நோட்டுப் புத்தகத்துப் பெயர்களையும் முருகன், சூசை, லட்சுமி முதலியோரையும் ஒரு கோப்பாக்கிக் கொடுத்திருக்கிறேன். விதியில் ஒரு புள்ளியை மாற்றினாலும் அந்தக் கோப்பு முழுவதையும் ஓட்டிப் பார்த்த பின்னரே தளத்தில் ஏற்ற வேண்டும் என்பது எங்களுக்குள் உடன்பாடு.

உங்கள் வீட்டுப் பெயரை ஏதேனும் ஒரு தளம் மறுத்தால், சான்றிதழில் உள்ளபடியே பெயரை எழுதி அதன் நிர்வாகத்தினருக்கு அனுப்புங்கள். திரையை நிழற்படம் எடுத்து அனுப்புவதோடு நிறுத்திவிடாதீர்கள். இணைப்புத் தடைக் குறி போன்றவை படத்தில் தெரியமாட்டா; நீங்கள் எந்தக் கருவியில் எந்த எண்களாகத் தட்டெழுதினீர்கள் என்பதும் படத்தில் இராது. கட்டத்தில் இட்ட பெயரை அப்படியே நகலெடுத்து மின்னஞ்சலில் ஒட்டுங்கள். அதே தளத்தில் ஏற்கப்பட்ட பெயர் ஒன்று உங்களுக்குத் தெரிந்திருந்தால் அதனையும் கீழே எழுதுங்கள். திருத்துபவருக்குப் பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.